லாரி ஏறும் முன் தெரிய வேண்டிய விலை

கொடைக்கானலை அடுத்த பள்ளங்கி, வில்பட்டி போன்ற மலையூர்களில் விளையும் காய்கறி, கீழ்நாட்டுச் சந்தைகளுக்கு இறங்கிச் சென்ற பிறகே விலை காண்கிறது. பறித்து மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிட்டால், வாடகையும் சுமைக்கூலியும் கணக்கில் ஏறிவிட, கமிஷன் மண்டியில், அதாவது விவசாயியின் சரக்கைத் தரகுக்கு விற்றுத்தரும் கடையில், கேட்ட விலைக்குக் கொடுப்பதைத் தவிர வழியிராது. எனவே பீன்ஸ் போட்ட சிறு விவசாயிக்கு விலை தெரிய வேண்டிய நேரம் பறிப்புக்கு முந்தைய மாலையே.

நடுவண் அரசு 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய அக்மார்க்நெட் தளம், மொத்தச் சந்தைகளின் வரத்தையும் குறைந்த விலை, கூடிய விலை, மோடல் விலை, அதாவது சரக்கு மிகுதியாகக் கைமாறிய விலை, ஆகியவற்றையும் தருகிறது. தமிழக அரசு 2018-இல் வெளியிட்ட உழவன் செயலி சந்தை விலையைக் கைப்பேசிக்கே கொண்டுவந்தது. ஆயினும் அவற்றில் காண்பது முடிந்த விற்பனையின் விலை. மறுநாள் வரத்து பெருகினால் அது பொய்த்துவிடும்.

தகவல் உரிய நேரத்தில் கிடைத்தால் என்ன நேரும் என்பதற்கு வட கேரளக் கடற்கரையே சிறந்த சான்று. 1997 முதல் 2001 வரை அங்குக் கைப்பேசி பரவியபோது, மத்தி மீனவர்கள் கடலிலிருந்தே விலை விசாரித்து விலை கூடிய கரைக்குப் படகைத் திருப்பினர். கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு குறைந்து, வாங்க ஆளின்றி மீன் வீணாவதும் ஏறக்குறைய நின்றதைப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஆனால் மகாராஷ்டிரத்தில் குறுஞ்செய்தி வழியே சந்தை விலை பெற்ற விவசாயிகளை ஆராய்ந்த ஃபாஃப்சாம்ப்ஸ், மின்டன் ஆகியோர், அவர்களுக்குக் கிடைத்த விலை குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை என்று 2012-இல் எழுதினர். இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினும், உண்மையில் அப்படியில்லை: படகைத் திருப்ப முடிந்தவனுக்கே விலை பயன்பட்டது. பலருடைய மூட்டைகளை ஏற்றிச் செல்லும் லாரியை ஒருவருக்காகத் திருப்ப இயலாது. மண்டியில் முன்பணம் வாங்கியவரோ, வேறு சந்தையில் விலை கூடுதல் என்று தெரிந்தாலும் அங்கே போக முடிவதில்லை.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் நிலை வேறு. உலர்த்திப் பல மாதங்கள் வைத்திருக்கக்கூடிய அச்சரக்கை விற்பவர், தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தையின் விலைப்போக்கை வாரக்கணக்கில் கவனித்து இறக்கலாம். அவ்வாறு காத்திருக்கவும் கையில் பணம் வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில், இருப்பு வைத்த விளைபொருளை ஈடாகக் கொண்டு தரப்படும் பொருளீட்டுக் கடன் அந்த இடைவெளிக்கென்றே ஏற்பட்டது. பூண்டுக்கு உகந்த அவ்வழி, இரண்டு நாளில் வாடிவிடும் பீன்ஸுக்கு உதவாது; அதற்குப் பறிப்புக்கு முந்தைய மாலையில், இரண்டு மூன்று சந்தைகளின் விலையை வண்டி வாடகை கழித்துச் சொல்லும் ஒரு தொலைபேசிக் குரலே கூடுதலாகப் பயன்படும்.