கணிப்பொறிக்குள் ஒரு கணிப்பொறி

களநிலையங்கள் சிலவற்றில் பல்லாண்டு திரட்டிய அளவைக் குறிப்புகள், விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தில் மட்டுமே செயற்படும் பழைய மென்பொருளில் அடைபட்டுக் கிடத்தல் உண்டு. அத்தளத்திற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. பழைய பொறி பழுதுற்றால், குறிப்புகள் இருந்தும் அவற்றைப் படிக்க வழியிராது. இதற்கு ஏற்ற பரிகாரம் மெய்நிகர்ப் பொறியாகும்.

மெய்நிகர்ப் பொறியாவது, செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றை உடைய தனிக் கணிப்பொறிபோலத் தோற்றமளிக்கும் மென்பொருள் அமைப்பு. அதனுள் நிறுவப்படும் இயங்குதளம், தான் உண்மைப் பொறியிலேயே இயங்குவதாகக் கொள்ளும். அதன் வட்டு, நம் பொறியின் வட்டிலுள்ள ஒரு பெரிய கோப்பேயன்றி வேறன்று.

இக்கருத்து புதிதன்று. 1960களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் ஒரு பெரும் பொறியைப் பலர்க்கும் தனித்தனிப் பொறியாகக் காட்டும் முறையை வகுத்தனர். மேசைக் கணிப்பொறிக்கு இஃது எளிதில் வாய்க்கவில்லை. உட்பொறி இடும் முக்கியக் கட்டளைகளை இடைமறித்தல் வேண்டும்; இன்டெல் வகைச் செயலிகளிலோ சில கட்டளைகள் அகப்படாமல் நழுவின. 1999இல் வந்த விஎம்வேர் மென்பொருள் அவற்றை ஓட்டத்திலேயே மாற்றியெழுதிச் சமாளித்தது. 2005 முதல் செயலிகளிலேயே இதற்கெனத் தனி வசதி அமையலாயிற்று. சில பொறிகளில் அவ்வசதி அணைக்கப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்பில் அதனை இயக்குதல் வேண்டும். உட்பொறி ஓட மறுத்தால் முதலில் நோக்கவேண்டிய இடம் இதுவே.

பெரும்பாலும் இடர் தருவது நினைவகம். எக்ஸ்பிக்கு 512 எம்பி போதும். புதிய லினக்ஸ் தளமொன்றிற்கு 2 ஜிபியேனும் ஒதுக்குதல் நலம்; மொத்தமே 4 ஜிபி உள்ள பொறியில் அதனை முயலுதல் வீண் என்பது எம் கருத்து.

இலவசமாகக் கிடைக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் இப்பணிக்குப் போதுமானது. எக்ஸ்பி உட்பொறிக்கு வலையிணைப்பை அறவே நீக்கிவிடுக. பழைய தளம், மென்பொருள் ஆகியவற்றின் நிறுவல் வட்டுகளையும் உரிம எண்களையும் பழைய பொறி இயங்கும்போதே தேடி எடுத்துக்கொள்க; உட்பொறிக்கும் உரிமம் வேண்டும்.

ஆசிரியர்க்குப் பெரிதும் உதவுவது நிலைப்பதிவு வசதி. பாடத்திற்கு முன் பதிவுசெய்துவிட்டால், மாணாக்கர் எக்கோப்பை அழித்தாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்கு மீளலாம். ஆயினும் நிலைப்பதிவை மறுபடி என்று எண்ணுதல் கூடாது. அது மூல வட்டுக் கோப்பைச் சார்ந்தே நிற்பது; அக்கோப்பு கெட்டால் பதிவும் பயனற்றுப் போகும். ஆதலின் உட்பொறியை நிறுத்தியபின் அதன் கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டில் படியெடுத்தல் வேண்டும். பழைய மென்பொருள் ஓடத் தொடங்கிய அன்றே, குறிப்புகளை எம்மென்பொருளும் படிக்கவல்ல எளிய எழுத்துக் கோப்புகளாக வெளியே எடுத்துவிடுக.