வெளிச்சம் எழுதும் கணக்கு

இரவில் ஏ-9 வீதியோரம் கமராவை முக்காலியில் நிறுத்தி, 20 செக்கன் திறந்து வைத்து ஒரு படம் எடுங்கள். கிளிநொச்சிப் பக்கமாக விரைந்த பேருந்து அந்தப் படத்தில் இராது. அதன் பின்விளக்குகள் இழுத்த இரண்டு சிவப்புக் கோடுகள் மட்டும் வீதியோடு வளைந்து ஓடியிருக்கும். பலரும் இதை அழகுக்காக எடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கோட்டுக்குள் வேகம், நேரம், திசை எல்லாமே பதிவாகியிருக்கின்றன. அவற்றை வாசிக்கப் பழகிய மாணவருக்குக் கையிலுள்ள போனே ஒரு பௌதிகவியல் ஆய்வுகூடம்.

கமராவின் உணரியிலுள்ள ஒவ்வொரு புள்ளியும், மழையில் வைத்த வாளி போல, தன்மேல் விழும் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஒளி விழ விழ அங்கே இலத்திரன்கள் கூடும். நேரம் முடிந்ததும் அவை அளக்கப்படும். பேருந்தின் இருண்ட உடல் ஓரிடத்தைக் கடக்க ஒரு செக்கன் போதும். மீதி 19 செக்கனும் அந்தப் புள்ளியில் பின்னாலுள்ள மரமும் மதிலும்தான் பதிகின்றன. விளக்கோ மிகப் பிரகாசமானது. நொடிப்பொழுதில் கடந்தாலும் தடம் விட்டுச் செல்கிறது. 1838இல் லூயி டாகுவேர் பாரிஸ் வீதியொன்றைப் பல நிமிடம் திறந்து வைத்துப் படமெடுத்தபோதும் இதுவே நடந்தது. நடமாடிய சனமும் வண்டிகளும் மறைந்துபோக, சப்பாத்துத் துடைக்கக் கால் நீட்டி நின்ற ஒருவரின் உருவம் தெளிவாகத் தங்கியது.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. ஓடும் விளக்கின் கோடு எவ்வளவு பிரகாசமாக விழும் என்பது அதன் வேகத்தில் தங்கியிருக்கிறது. கமராவை 10 செக்கனுக்குப் பதிலாக 30 செக்கன் திறந்து வைத்தால் கோடு நீளுமே தவிர, பிரகாசம் கூடாது. விளக்கு மெதுவாகப் போன இடத்தில் கோடு தடித்துப் பளிச்சிடும்; விரைந்த இடத்தில் மெலிந்து மங்கும்.

சைக்கிள் சில்லு போடும் வளைவு

இதைச் சோதிக்க ஒரு சைக்கிள் போதும். பொத்தான் பற்றரியில் எரியும் சிறு எல்.ஈ.டி. விளக்கொன்றை டயரின் ஓரத்தில் நாடாவால் ஒட்டுங்கள். இருண்ட முற்றத்தில் ஒருவர் சைக்கிளை நேராக உருட்டிப் போகட்டும். பக்கவாட்டில் நிற்கும் கமரா 5 செக்கன் திறந்திருக்கட்டும். வரிசையாக நிற்கும் வில்வளைவுகள் படத்தில் விழும். கலிலியோ பெயர் சூட்டிய சைக்கிளாய்ட் வளைகோடு இதுதான். ஒரு வளைவின் நீளம் சில்லின் விட்டத்தைப் போல் சரியாக நான்கு மடங்கு என்று 1658இல் கிறிஸ்டோபர் ரென் காட்டினார். விட்டம் 66 சென்ரிமீற்றர் என்றால், விளக்கு 264 சென்ரிமீற்றர் பயணம் செய்யும் வேளையில் சைக்கிள் நகர்வது ஏறத்தாழ 207 சென்ரிமீற்றர்தான்.

இப்போது கோட்டின் பிரகாசத்தைப் பாருங்கள். வளைவின் அடியில், டயர் நிலத்தைத் தொடும் இடத்தில், கோடு பளிச்சென்று இருக்கும், உச்சியில் மங்கியிருக்கும். உருளும் சில்லில் நிலத்தைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. உச்சிப் புள்ளியோ சைக்கிளின் வேகத்தைப் போல் இரண்டு மடங்கில் பாய்கிறது. பாடப்புத்தகத்தில் படித்தும் நம்பக் கடினமான இந்த உண்மையை, படம் கண்முன்னே வைத்துவிடுகிறது.

விட்டுவிட்டு எரியும் கடிகாரம்

அசைவை ஒளியால் எழுதவைக்கும் யோசனை ஒரு உடற்றொழிலியல் ஆய்வுகூடத்தில் வளர்ந்தது. மனிதரும் விலங்குகளும் எப்படி நடக்கின்றன என்று ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே, 1880களில் கறுப்பு உடை அணிந்தவர்களின் கைகால்களில் வெள்ளைக் கோடுகளை ஒட்டி நடக்கவிட்டுப் படமெடுத்தார். அவருடைய உதவியாளர் ஜோர்ஜ் டெமெனி, 1889இல் உடலில் சிறு மின்குமிழ்களைப் பூட்டி நடையின் தடத்தைப் பதிவுசெய்தார். அமெரிக்காவில் பிராங்க், லிலியன் கில்பிரெத் தம்பதியர் தொழிலாளரின் விரல்களில் விளக்குக் கட்டி, வேலையில் வீணாகும் அசைவுகளைத் தேடினர். விளக்கு ஒரே சீராக விட்டுவிட்டு எரிந்தால் கோடு புள்ளிகளாக உடையும், புள்ளிகளை எண்ணி நேரத்தை அறியலாம் என்பது அவர்கள் கண்ட நுட்பம். 1949இல் புகைப்படக் கலைஞர் ஜோன் மிலியின் கமராவுக்கு முன்னால் ஓவியர் பிக்காசோ சிறு விளக்கால் காற்றில் வரைந்த படங்கள் இந்தக் கலையை உலகறியச் செய்தன.

கில்பிரெத் தம்பதியரின் கடிகாரம் நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் மீடிறன் கொண்டது. அதனால் மலிவான பல எல்.ஈ.டி. குமிழ்கள் செக்கனுக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. அரைச் செக்கன் திறந்திருக்கும் கமராவைக் குமிழுக்கு முன்னால் பக்கவாட்டில் வீசுங்கள்; கோடு துண்டு துண்டாக விழும். துண்டுகள் 50 என்றால் உங்கள் போன் சொல்லும் அரைச் செக்கன் உண்மையான அரைச் செக்கன். மின்கம்பியோடு இருக்கும் குமிழைக் கழற்றி ஆட்ட வேண்டாம். கமராவை அசைத்தாலே போதும்.

பாடசாலைக் கோலாட்டத்துக்கும் இந்த ஒளித்தடம் உதவும். கோல் நுனிகளில் விளக்கைப் பொருத்தி ஒரு தாளச் சுற்று முடியும்வரை பதிவுசெய்தால், ஆடுபவர் ஒவ்வொருவரின் கைவீச்சும் தனித்தனி வளைவாக விழும். வீச்சு எங்கே குறுகியது, கை எங்கே தயங்கியது என்று ஆடிய பிள்ளையே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

வன்னி வானம்

பூமி 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஆகவே விண்மீன்கள் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை நகர்ந்து கோடு போடுகின்றன. கனடாவிலோ இங்கிலாந்திலோ எடுக்கும் படங்களில் துருவ நட்சத்திரம் உயரே நிற்க, மற்றவை அதைச் சுற்றி முழு வட்டமிடும். வன்னி 9 பாகை வட அகலக்கோட்டை ஒட்டி இருப்பதால், இங்கே துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்துக்கு மேல் நீட்டிய கையின் ஒரு முட்டி உயரத்தில்தான் நிற்கிறது. முல்லைத்தீவுக் கடற்கரையில் கிழக்கே கமராவைத் திருப்பினால், விண்மீன்கள் கடலிலிருந்து ஏறக்குறைய செங்குத்தாக எழும். இரணைமடுக் குளக்கட்டில் நின்று தெற்கே நீரைப் பார்த்து எடுத்தால், அடிவானத்துக்குக் கீழே மறைந்திருக்கும் தென்துருவத்தைச் சுற்றி அவை வில்லாக வளையும்.

அமாவாசையை ஒட்டி, மாரி மழை ஓய்ந்த மாதங்களில், 30 செக்கன் படங்கள் 120ஐத் தொடர்ந்து எடுத்து மென்பொருளில் ஒன்றாக அடுக்கினால் ஒரு மணித்தியாலத் தடம் கிடைக்கும். நம் வெக்கையும் படத்தில் பதியும். உணரியின் வெப்பநிலை 6 முதல் 8 பாகை செல்சியஸ் ஏறினாலே, ஒளியில்லாமல் சேரும் இலத்திரன்கள் ஏறத்தாழ இரட்டிக்கும். படத்தில் நிறப்புள்ளிகள் மொய்க்கும். வில்லையை மூடி அதே நேர அளவில் ஒரு படம் எடுத்துக் கழித்துவிட்டால் அவை பெரும்பாலும் நீங்கும்.

பழகிய பாதையை விட்டு இருட்டில் இறங்க வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிகளும் யானை வரும் காட்டோரங்களும் படமெடுக்கும் இடங்களல்ல. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைக் கொளுத்திச் சுழற்றி எடுக்கும் தீப்பொறிப் படங்கள், கோடையில் காய்ந்த புல்லும் கிடுகும் உள்ள ஊரில் பெரும் ஆபத்து.

இரண்டு பாடசாலைகள், ஒரு பூமி

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வவுனியாவில் ஒரு பாடசாலையும் கிளிநொச்சியில் ஒரு பாடசாலையும் கைகோத்து இதைச் செய்யலாம். கமராவிலிருந்து வடக்கே 20 மீற்றரில் நீண்ட தடியொன்றை நிமிர்த்தி நடுங்கள். மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டக் குழாயால் கமரா வில்லையின் மட்டத்தைத் தடியில் குறித்து, அங்கே ஒரு மங்கலான விளக்கை ஒட்டுங்கள். அதற்கு மேல் 3.17 மீற்றரில் இன்னொன்று. மேல்விளக்கு காட்டுவது 9 பாகை உயரம். துருவ நட்சத்திரம் அதன் அருகிலேயே தெரியும். இரு பாடசாலைகளும் ஒரே இரவில், ஒரே நேரத்தில் படமெடுத்து நட்சத்திரத்தின் உயரத்தைக் கணியுங்கள்.

கிளிநொச்சியில் அது வவுனியாவைவிட ஏறத்தாழ 0.63 பாகை உயர்ந்திருக்கும். இரு நகரங்களுக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள நேர்த்தூரம் சுமார் 70 கிலோமீற்றர். 0.63 பாகைக்கு 70 கிலோமீற்றர் என்றால் 360 பாகைக்கு 40,000 கிலோமீற்றர்; அதுவே பூமியின் சுற்றளவு. விளக்கின் உயரத்தில் ஒரு சென்ரிமீற்றர் தவறினால் விடை இரண்டாயிரம் கிலோமீற்றர் அளவுக்குப் பிசகலாம். பிசகட்டும், பிழையைத் தேடித் திருத்துவதும் அறிவியலே. இந்த இரு படங்களையும் அடுத்த விஞ்ஞானக் கண்காட்சியில் அருகருகே வையுங்கள். உலகத்தின் அளவை அந்தப் பிள்ளைகள் தங்கள் முற்றத்திலிருந்தே அளந்திருப்பார்கள்.