ஸ்டோமா உள்ளவருக்குக் குடல் ஸ்கேன்

குடலின் ஒரு பகுதியை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து தோலோடு தைத்து உண்டாக்கும் திறப்புக்கு ஸ்டோமா என்று பெயர். சிறுகுடலின் கடைசிப் பகுதியிலிருந்து வந்தால் இலியோஸ்டமி. பெருங்குடலிலிருந்து வந்தால் கொலாஸ்டமி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பைதான். ஆனால் குடலைப் படமெடுக்கும் நாளில், என்ன குடிப்பது, எந்த வழியாக மருந்தைச் செலுத்துவது, பிறகு எதைக் கவனிப்பது என்பதெல்லாம் ஸ்டோமாவின் வகையைப் பொறுத்தே அமையும். அதனால் தேதி குறிக்கும்போதே ஸ்டோமா இருப்பதைச் சொல்லிவிடுவதும், அறுவைச் சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கொடுப்பதும் நல்லது. குடல் எங்கே வெட்டப்பட்டது, எங்கே இணைக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் ரேடியாலஜிஸ்ட் படத்தைச் சரியாகப் படிக்க முடியும்.

முதல் கவனம் பேதி மருந்தில் வேண்டும். பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைகளுக்கு முந்தைய நாளே குடலைக் கழுவச் சொல்வது வழக்கம். அந்த அறிவுரை குடல் முழுதாக உள்ளவருக்கானது. உணவுக் கழிவிலிருந்து நீரையும் உப்பையும் மீட்டெடுப்பது பெருங்குடலின் வேலை. இலியோஸ்டமி உள்ளவருக்குக் கழிவு அந்த இடத்தை எட்டுவதே இல்லை. அவர் பேதி மருந்து குடித்தால் சில மணி நேரத்திலேயே உடல் வறண்டு, இரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். பெரும்பாலும் சில மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே அவருடைய சிறுகுடல் போதுமான அளவு காலியாகிவிடும். கொலாஸ்டமி உள்ளவருக்குச் சில பரிசோதனைகளுக்கு முன் பேதி மருந்து தேவைப்படலாம். அப்போது அடிப்பக்கம் திறந்து காலி செய்யக்கூடிய பெரிய பை வசதி. யாராக இருந்தாலும், அச்சடித்த தாளில் உள்ளது என்பதற்காக மட்டும் பேதி மருந்தைக் குடித்துவிடக் கூடாது. மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

சி.டி. ஸ்கேனுக்குப் பையைக் கழற்றத் தேவையில்லை. படம் தெளிவாகத் தெரிவதற்காக இரத்தக் குழாயில் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தட்டும், சிறுநீர் கழிந்துவிட்டது போலக்கூடத் தோன்றும். ஓரிரு நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும். முன்பே அலர்ஜி இருந்தால் சொல்ல வேண்டும். சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று அறிய இரத்தத்தில் க்ரியேட்டினின் அளவையும் பார்ப்பார்கள். ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் இருக்கிறதா என்று அறிய, வயிற்றை முக்கச் சொல்லியும் படமெடுப்பது உண்டு.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. குடல் அழற்சியான குரோன் நோய்க்காக அடிக்கடி படமெடுக்க வேண்டிய இளவயதினருக்கு அதனால் இது ஏற்றது. சிறுகுடலை விரிக்க மேனிட்டால் போன்ற கரைசலை ஒரு லிட்டருக்கும் மேலாக, சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். அது பைக்கு வேகமாக வந்து சேரும் என்பதால், மேசையில் படுப்பதற்குச் சற்று முன் பையைக் காலி செய்துகொள்வது அவசியம். பையின் கிளிப் உலோகமாக இருந்தால் மாற்றிவிட வேண்டும்.

ஸ்டோமா உள்ளவருக்கே உரிய பரிசோதனை லூப்போகிராம். மலக்குடல் புற்றுநோயை அகற்றிக் குடலை இணைத்த பிறகு, அந்த இணைப்பு ஆறும்வரை பாதுகாப்பாகத் தற்காலிக ஸ்டோமா வைப்பார்கள். இதில் இரண்டு வாய்கள் உண்டு: ஒன்றில் மலம் வரும், மற்றொன்று ஓய்விலிருக்கும் கீழ்க்குடலுக்குப் போகும். ஸ்டோமாவை மூடும் முன், இணைப்பில் கசிவோ சுருக்கமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது வாயில் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை நுழைத்து, நீரில் கரையும் கான்ட்ராஸ்ட் மருந்தை மெதுவாகச் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் அது ஓடுவதைப் பார்ப்பார்கள். சிலருக்கு ஆசனவாய் வழியாகவே செலுத்துவதும் உண்டு. கசிவு இருக்கலாம் என்ற ஐயத்தில், பேரியம் என்ற நீரில் கரையாத கான்ட்ராஸ்ட் மருந்தைத் தவிர்ப்பார்கள். அது வயிற்றறைக்குள் சிந்தினால் கடும் அழற்சி உண்டாகும்.

ஸ்டோமாவின் சிவந்த பரப்பைத் தொட்டால் வலிக்காது. ஆனால் உள்ளே குடல் விரிவதை நோயாளி உணர்வார்: வயிறு உப்பும், இழுத்துப் பிடிக்கும். பல மாதங்களுக்குப் பிறகு ஆசனவாய் வழியாக மலம் கழிக்கும் உந்துதல் வருவது சிலரைத் திகைக்க வைக்கும். அது இயல்புதான். செலுத்திய மருந்தும் கொஞ்சம் சளியும் அன்று அவ்வழியே வெளியேறலாம். ஒரு பேடு வைத்துக்கொள்வது நல்லது. கதீட்டர் பட்டு ஸ்டோமாவில் லேசாக இரத்தம் கசிந்தால் சீக்கிரமே நின்றுவிடும். மாற்றுப் பையும் அதை ஒட்டத் தேவையானவையும் கையோடு இருக்க வேண்டும். வழக்கமாகப் பயன்படுத்தும் அளவு அந்த மையத்தில் கிடைக்காமல் போகலாம்.

பரிசோதனைக்குப் பிறகு, பேரியம் குடித்தவருக்கு மலம் வெளுத்து வரும். கொலாஸ்டமி உள்ளவருக்கு அது இறுகி அடைக்காமலிருக்கத் தண்ணீர் அதிகம் தேவை. இலியோஸ்டமியில் நிலைமை நேர்மாறு: நீரில் கரையும் கான்ட்ராஸ்ட் மருந்து குடலுக்குள் நீரை இழுப்பதால் பை அடிக்கடி நிரம்பும். அப்போது வெறும் தண்ணீரை நிறையக் குடித்தால் உப்பிழப்பு கூடும், ஓ.ஆர்.எஸ். கரைசலே பொருத்தம். காய்ச்சல், தணியாத வயிற்று வலி, ஸ்டோமாவில் எதுவும் வராமல் நின்றுபோவது, தலைசுற்றலோடு சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.