ஃபெரட்டின் குணமும் பராமரிப்பும்

இளம்பயிரைக் கடித்துத் தின்றுவிட்டு வளைக்குள் ஒளிந்துகொள்ளும் முயலின் தொல்லையை ஐரோப்பியக் குடியானவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அம்முயலை வெளியேற்ற அவர்கள் பழக்கிய சிறு பிராணியே ஃபெரட். வளையின் வாய்கள்தோறும் வலை விரித்து, உள்ளே ஃபெரட்டை விடுவர். முயல்கள் அஞ்சி ஓடிவந்து வலையிற் சிக்கும். இங்கிலாந்தில் இவ்வேலை இன்றும் நடைபெறுகிறது. அங்கும் அமெரிக்காவிலும் இதனை வீட்டுப் பிராணியாக வளர்ப்போர் பலர்.

நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கண்டு இதனைக் கீரி என்று நம்மவர் மயங்கக்கூடும். இது நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. கீரி காட்டுப் பிராணி. அதைப் பிடித்து வளர்த்தல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஃபெரட்டோ ஈராயிரம் ஆண்டுகளாக மனிதரிடமே வளர்ந்து வருவது. ஆயினும் அதன் குறிப்பறியாது வளர்ப்பவரால் அதற்கு நேரும் துன்பங்கள் பல. அவற்றையே ஈண்டு கூறப் புகுகிறோம்.

முதலாவது, உறக்கம். நாளொன்றுக்கு 14 முதல் 18 மணி நேரம் வரை ஃபெரட் உறங்கும். தூக்கி எடுத்தாலும் விழிக்காமல் துணிபோல் துவண்டு கிடப்பதைக் கண்டு, இறந்துவிட்டதென்று அழுதவர்களும் உண்டு. உடல் வெதுவெதுப்பாக இருந்து மூச்சும் சீராக ஓடினால் அஞ்ச வேண்டுவதில்லை. விழித்திருக்கையில் எச்சில் ஒழுக, வாயைக் காலாற் பிறாண்டி, பின்னங்கால் தள்ளாடினால் அது நோய். இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததன் அடையாளமாக அது இருக்கலாம். உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும்.

அடுத்தது, ஆட்டம். முதுகை வில்லாக வளைத்து, வாய் திறந்து, பக்கவாட்டில் துள்ளித் துள்ளிக் குதிக்கும். கோழி கொக்கரிப்பது போன்ற மெல்லொலியும் எழுப்பும். புதியவர் இதைச் சினமென்றோ வலிப்பென்றோ எண்ணுவர். உண்மையில் இது விளையாட வாரும் என்னும் அழைப்பு. சீறலும் மயிர் சிலிர்த்த வாலும் அச்சத்தைக் காட்டலாம். குட்டி விளையாட்டாகக் கடித்ததற்கு அடித்தால், பின்னர் அது அச்சத்தாற் கடிக்கத் தொடங்கும்.

ஆகாரத்திற் செய்யும் பிழை பெரும்பிழை. முற்காலத்தில் இங்கிலாந்து வேட்டையாளர்கள் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்து வந்தனர். ஃபெரட்டோ முழு மாமிச பட்சணி. அதன் குடல் குறுகியது. உண்டது மூன்று நான்கு மணி நேரத்திற்குள் வெளிப்பட்டுவிடும். ஆகவே இறைச்சி உணவே, சிறிது சிறிதாகப் பலமுறை வேண்டும். தானியமும் இனிப்பும் ஆகா.

கண்ட பொருளை இழுத்துச் சென்று மறைத்து வைப்பது இதன் இயல்பு. ரப்பர்த் துண்டை விழுங்கினால் குடல் அடைபட்டு உயிருக்கே ஆபத்தாகும். வெப்பத்தையும் இது தாங்காது. 30 டிகிரி செல்சியஸைக் கடந்தால் துவண்டுவிடும். நம் நாட்டுக் கோடைக்கு இது ஏற்றதன்று என்பது இதனாலேயே விளங்கும். உடல் நாற்றத்தைப் போக்க அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு நாற்றம் மிகுதியாகும். படுக்கைத் துணியைத் துவைப்பதே நன்று. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் கண்டால் பிழைப்பது அரிது, தடுப்பூசி இன்றியமையாதது. மனிதரின் இன்புளூயன்ஸா சுரமும் இதற்குத் தொற்றும். பருவமெய்திய பெண் ஃபெரட் இணை சேராமலே நெடுநாள் இருப்பின், இரத்தசோகை கண்டு இறத்தலும் கூடும். இதைத் தடுக்கும் வழியை வைத்தியர் கூறுவார்.

பொறுப்பின்றி விட்டால் நேர்வதற்கு நியூசிலாந்தே சான்று. 1880-களில் முயலை ஒழிக்க அங்கே ஃபெரட்டுகளைத் திறந்த வெளியில் விட்டனர். முயல் ஒழியவில்லை, தரையிற் கூடு கட்டும் அந்நாட்டுப் பறவைகள் இரையாயின. 2002-இல் அவற்றை விற்பதும் வளர்த்துப் பெருக்குவதும் அங்கே தடை செய்யப்பட்டன. ஃபெரட் தன் இயல்பின்படியே நடந்தது. அவ்வியல்பை அறிந்த பின்னரே எந்த உயிரையும் வீட்டிற்கோ வயலுக்கோ கொண்டுவருதல் வேண்டும்.