பாதி மலையில் டிரைவர் மாற்றம்

கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? 70 கொண்டை ஊசி வளைவுகள்! வயிற்றைப் புரட்டினாலும், டிரைவரை நம்பி உட்கார்ந்திருப்போம். முப்பதாவது வளைவில் பஸ் முதலாளி வந்து, நன்றாக ஓட்டுகிற அந்த டிரைவரையே இறக்கிவிட்டால்? நம் ஹாக்கி ரசிகர்களுக்கு நேர்ந்தது அதுதான்.

1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில், 32 வருஷங்களுக்குப் பிறகு இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. காப்டன் தனராஜ் பிள்ளை, பூனாவை அடுத்த கட்கியில் பிறந்த தமிழர். போட்ட மாலை வாடுமுன்னே அவரையும் மேலும் ஆறு மூத்த ஆட்டக்காரர்களையும் அணியில் சேர்க்காமல் விட்டார்கள். பயிற்சியாளர் கௌசிக்கும் போனார். "ஓய்வு கொடுத்தோம்" என்றது ஹாக்கி சம்மேளனம். ஆட்டப்படியும் வசதியும் கேட்டதற்குத் தண்டனை என்று கொதித்தார்கள் ரசிகர்கள். கொதிக்கமாட்டார்களா? விருந்து முடிந்த கையோடு, சமைத்தவளையே அடுப்படியை விட்டுத் துரத்துவார்களோ!

தோல்வியை ரசிகர்கள் பொறுப்பார்கள்; அணியைச் சொந்தச் சொத்தாக நினைக்கும் அதிகாரத்தைத்தான் பொறுப்பதில்லை. 1928 முதல் தவறாமல் ஒலிம்பிக்கில் ஆடிவந்த அணி, 2008-இல் தகுதியே பெறவில்லை. அந்த வருஷமே சம்மேளனத்தைச் சஸ்பெண்டு செய்தார்கள். மறுபடி அஸ்திவாரத்திலிருந்து கட்டவேண்டியதாயிற்று. 2012 லண்டனில் கடைசி இடம். நம் பாஸ்கரன் தலைமையில் 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வாங்கியபின், அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2021-இல்தான் வந்தது, அதுவும் வெண்கலம். மாஸ்கோ வெற்றியை ரேடியோவில் கேட்டவர்கள், இதைப் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.