ஹைட்ஸ்வில் வீட்டின் தட்டொலி

1848-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்து ஹைட்ஸ்வில் என்னும் சிற்றூரில், ஃபாக்ஸ் குடும்பத்துச் சிறுமியராகிய மார்கரெட், கேதரின் இருவரின் வினாக்களுக்கு ஏதோவொரு கண்காணாத சக்தி தட்டொலிகளால் விடையளித்தது என்று பரவிய செய்தியே, பிற்காலத்தில் ஆவியுலகவாதம் என்று பிரசித்தி பெற்ற மாபெரும் இயக்கத்திற்கு வித்தாயிற்று. மறு ஆண்டே ராச்செஸ்டர் நகர மண்டபத்தில் கட்டணம் செலுத்தி ஜனங்கள் அவ்வொலியைக் கேட்டனர். சில வருஷங்களுக்குள், மேசையைச் சுற்றியமர்ந்து மரித்தோரை அழைக்கும் வழக்கம் சமுத்திரம் கடந்து இங்கிலாந்தை அடைந்தது.

1888-இல் நியூயார்க் மேடையொன்றில் மார்கரெட், அவ்வொலிகள் கால்விரல் மூட்டுகளைச் சொடுக்கி எழுப்பியவையே என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, சபையோர் செவிபடச் செய்தும் காட்டினாள். அடுத்த ஆண்டு அவ்வாக்குமூலத்தை மறுத்தாள். இயக்கமோ தளரவில்லை. முதல் உலக யுத்தம் லக்ஷக்கணக்கான இல்லங்களில் புத்திரசோகத்தை விதைத்திருக்க, அத்தகைய பெற்றோர் ஒரு சொல்லுக்கேனும் ஏங்கியதைப் பேதைமை என்று இகழ எனக்கு மனமில்லை. அவர்களிடம் பொருள் பறித்தவர்களே கண்டனத்துக்குரியவர்கள்.

மைந்தனை இழந்த ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில் இம்மார்க்கத்தின் தலைசிறந்த பிரசாரகரானார். 1922-இல் அட்லாண்டிக் சிட்டியில் அவருடைய மனைவி, மாயவித்தை நிபுணர் ஹூடினியின் மறைந்த தாயார் அனுப்பியதாகப் பல பக்கங்கள் எழுதித் தந்தார். அன்னையின் மரணத்தால் ஆறாத் துயருற்றிருந்த ஹூடினி அதனை ஆவலோடு பெற்றார். ஆனால் யூத மதகுருவின் மனைவியாகிய அவ்வம்மையார் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதத்தின் தலைப்பில் சிலுவைக் குறியும், அவருக்குச் சரிவர வராத ஆங்கில பாஷையும் இருக்கக் கண்டு, அதனை ஏற்க மறுத்தார். டாயில், ஹூடினி இருவரின் நட்பு அதனால் முறிந்தது.