பற்சக்கரம் ஏன் பாடுகிறது?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஓடுகின்ற எந்த எந்திரமும் தான் செலவிடும் ஆற்றலில் ஒரு துளியை ஓசையாக்கி வெளியே விட்டுவிடுகிறது. அளவில் அது மிகச் சிறியது. ஆனால் நம் காது மிகக் கூர்மையானது. எஞ்சின் ஓசையைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே இருக்கும் கிளட்ச், கியர் பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் ஆகியவை எழுப்பும் ஓசையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பிரித்து மீண்டும் கட்டுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி இந்த ஓசைதான் என்று படித்தபோது, அதன் காரணங்களை நம் பாடப்புத்தகத்துக் கணக்குகளைக் கொண்டே விளக்க முடியும் என்று தோன்றியது.

"சித்தேரி மலையிலே ஸ்போர்ட்ஸ் கார் யாரிடம் இருக்கிறது?" என்று வகுப்பு நண்பர்கள் கேலி செய்வார்கள். இல்லைதான். எங்கள் ஊருக்கு வருவது ஜீப்பும் பேருந்தும் சரக்கு வண்டியும். ஆனால் கூரைத் துணியும் தகரத் தளமும் மட்டுமே கொண்ட பழைய ஜீப்புக்கும், மேல்மூடி திறந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் இந்த ஒரு விஷயத்தில் வேற்றுமை இல்லை. இரண்டிலும் பற்சக்கரத்துக்கும் மனிதனின் காதுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடுதான் இருக்கிறது.

நம் மாநிலத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961ஆம் ஆண்டு முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைத் தயாரித்தது. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் அதன் மூலம். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, 1962இல் அங்கே டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதன் எடை ஏறத்தாழ 700 கிலோதான். ஆகவே ஹெரால்டின் அடிவயிற்றைப் படித்தவர் ஸ்பிட்ஃபயரின் அடிவயிற்றையும் பெரும்பாலும் படித்தவராகிறார். அந்த ஆலை இன்று இயங்கவில்லை. எனினும் ஹெரால்டுகளைப் பிரித்துச் செப்பனிட்டுக் காக்கும் ஆர்வலர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தக் காரில் ஒரு விசேஷம். அம்பாசடர் காரில் பின் அச்சும் டிஃபரன்ஷியலும் ஒரே கட்டையாக, வில்லின்மேல் உடலை விட்டு விலகித் தொங்கும். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் அப்படியன்று. டிஃபரன்ஷியல் பெட்டி அடிச்சட்டத்தோடு ரப்பர் புஷ்கள் வழியாக முடுக்கப்பட்டிருக்கும். பின்புற வில்கூட அந்தப் பெட்டியின் தலைமேல்தான் அமர்ந்திருக்கும். சாலையைப் பற்றிக்கொள்ள இந்த ஏற்பாடு வசதியானது. ஆனால் பற்களின் அதிர்வு சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து தளத்துக்கும், தளத்திலிருந்து காதுக்கும் நேரே போய்ச் சேர்கிறது. தடுப்பதற்கு அந்தச் சில ரப்பர்த் துண்டுகளே உள்ளன.

இனி அதிர்வெண்ணைக் கணக்கிடுவோம். ஒரு பற்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால், அதில் எத்தனை பல் உண்டோ அத்தனை முறை பல்லோடு பல் கூடுகிறது. பற்கள் இம்மி பிசகாத வடிவில் இருந்தால் கூடுவது தெரியாது. உண்மையில் ஒவ்வொரு பல்லும் ஏற்கும் பளுவில் சற்றே வளைகிறது; வெட்டியதிலும் சிறு பிழை இருக்கும். எனவே ஓடும் சக்கரம் ஒவ்வொரு பல்லுக்கும் ஒருமுறை மிக நுண்ணிய அளவில் முந்திப் பிந்துகிறது. அதுவே ஓசையின் பிறப்பிடம்.

ஸ்பிட்ஃபயரின் பின்புறத்தில் 4.11 விகிதம் உண்டு. பினியனில் 9 பல், கிரவுனில் 37 பல். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். நான்காம் கியரில் புரொப்பல்லர் ஷாஃப்டும் அதே வேகம். நொடிக்கு 50 சுற்று. ஒன்பதால் பெருக்கினால் 450 ஹெர்ட்ஸ். சக்கரப் பக்கமிருந்து சரிபார்ப்போம். 50ஐ 4.11ஆல் வகுத்தால் நொடிக்கு 12.2 சுற்று, அதை 37ஆல் பெருக்கினால் மீண்டும் அதே 450. டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.75 மீட்டர் என்றால் வண்டி மணிக்கு 77 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மேற்கத்திய இசையில் சுதி சேர்க்கும் 440 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே நிற்கும் சுரம் இது. டிஃபரன்ஷியல் 'பாடுகிறது' என்று மெக்கானிக்குகள் சொல்வது வெறும் உவமை அன்று!

இந்தக் கணக்கு தெரிந்தால் குற்றவாளியைப் பிடிப்பது எளிது. ஒரே சாலை வேகத்தில் கியரை மாற்றிப் பார்க்கவேண்டும். சுரம் மாறாவிட்டால் ஓசை கியர் பாக்ஸுக்குப் பின்னாலிருந்து வருகிறது. எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து சுரம் மாறினால் முன்னாலிருந்து வருகிறது. நின்ற நிலையில் கரகரவென்று கேட்பது கிளட்சை மிதித்தவுடன் அடங்கினால் கியர் பாக்ஸின் உள்நுழையும் ஷாஃப்டையும் அதன் பேரிங்கையும் பார்க்கவேண்டும்.

எங்கள் மலைச்சாலையில் இதைவிட நல்ல சோதனை ஒன்று இயற்கையாகவே நடக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது. அப்போது கிரவுன் பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளு தாங்குகிறது. இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது. பளு பல்லின் மறுபக்கத்துக்கு மாறுகிறது. ஏறும்போது கத்தி, அதே வேகத்தில் இறங்கும்போது அடங்கினால் பல்லின் ஒரு பக்கம் தேய்ந்திருக்கலாம், அல்லது பினியன் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. இரண்டிலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். சமவெளியில் ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை அழுத்தியும் விட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதை, கொண்டை ஊசி வளைவுகள் எங்களுக்கு இலவசமாகச் சொல்லித் தருகின்றன.

ஓசையைப் பிறப்பிடத்திலேயே குறைப்பதுதான் முதல் வேலை. கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள விளையாட்டு இடைவெளி பொதுவாக 0.10 முதல் 0.15 மில்லிமீட்டர், அதாவது ஒன்றிரண்டு தலைமயிரின் பருமன். டயல் கேஜ் வைத்து அளந்து, மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் இதைச் சரிசெய்கிறார்கள். பிறகு பற்களில் நீலச் சாயம் தடவிச் சுற்றினால், பல் பல்லைத் தொட்ட இடம் தடமாகத் தெரியும். தடம் பல்லின் நடுவில் விழவேண்டும். நுனியிலோ அடியிலோ விழுந்தால் எவ்வளவு விலையுயர்ந்த எண்ணெய் ஊற்றினாலும் பாட்டு நிற்காது.

இங்கே ஒரு மோசடியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். தேய்ந்த பற்சக்கரப் பெட்டிக்குள் மரத்தூளைக் கலந்த கெட்டி எண்ணெயை ஊற்றிவிட்டால் ஓசை சில வாரங்களுக்கு அடங்கிவிடும். என் மாமா ஓட்டும் ஜீப் கைமாறி வாங்கியது. விற்றவர் ஓட்டிக் காட்டியபோது பூனைபோல் போனது. இரண்டு மாதம் கழித்து, புளி மூட்டை ஏற்றி இறங்கும்போது இரண்டாம் கியர் தானாகக் கழன்றுவிட்டது. எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி அவர் வளைவைக் கடந்திருக்கிறார். மறுநாள் எண்ணெயை வடித்தபோது மரத்தூள் கூழாக வந்தது. "சத்தம் போட்டிருந்தா அன்னைக்கே வேணாம்னு சொல்லியிருப்பேன் மாப்ள" என்றார். ஓசையைக் குறைப்பது வேறு, ஓசையை மறைப்பது வேறு. மலைப்பாதையில் இந்த வேற்றுமைக்கு உயிர் விலை.

அடுத்தது, ஓசை போகும் பாதை. ரப்பர் புஷ் ஒரு வில். அதன்மேல் நிற்கும் பெட்டி ஒரு நிறை. பளுவினால் ரப்பர் 1 மில்லிமீட்டர் அமுங்கினால், அந்த அமைப்பின் இயல் அதிர்வெண் சுமார் 16 ஹெர்ட்ஸ் என்று சூத்திரம் சொல்கிறது. அதைப்போல் 1.41 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளையெல்லாம் ரப்பர் குறைத்தே கடத்தும். நம் 450 ஹெர்ட்ஸ் அதிர்வில், உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், எண்ணூற்றில் ஒரு பங்குதான் சட்டத்தைச் சேரும். இப்போது ஸ்போர்ட்ஸ் கார் அன்பர் ஒருவர், வண்டி வளைவில் நெளியக் கூடாது என்று ரப்பரை எடுத்துவிட்டுக் கடினமான பாலியூரித்தேன் புஷ் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 0.1 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் இயல் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். சட்டத்தைச் சேரும் அதிர்வு எண்பதில் ஒரு பங்கு. பத்து மடங்கு கூடுதல், டெசிபெல்லில் 20. உண்மையான வண்டியில் எண்கள் இவ்வளவு துப்புரவாக வருவதில்லை. ஆனாலும் திசை இதுதான். வயதாகி இறுகிப்போன பழைய ரப்பரும் ஏறக்குறைய இதே கெடுதலைத்தான் செய்கிறது. ஆகவே வண்டியைப் பிரிக்கும்போது பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் எல்லாப் புஷ்களையும் புதிதாக மாற்றிவிடுவதே அறிவுடைமை.

அந்த 20 டெசிபெல்லைத் தகட்டின் கனத்தால் ஈடுகட்ட முடியுமா? தகட்டின் எடை இரு மடங்கானால் ஊடுருவும் ஒலி 6 டெசிபெல் குறையும் என்பது பொது விதி. 20 குறையவேண்டுமானால் பத்து மடங்கு எடை வேண்டும்! 700 கிலோ கார் அப்புறம் லாரியாகிவிடும். தளம் முழுவதும் தார்ப்பலகை ஒட்டுவதைவிட, விரலால் தட்டும்போது 'டங்' என்று ஒலிக்கும் இடத்தின் நடுவில் மட்டும் ஒட்டினால் போதும். அது ஒலியைத் தடுப்பதற்காக அன்று, தகட்டின் அதிர்வை வெப்பமாக்கிக் கரைப்பதற்காக. துளைகளை அடைப்பது அதைவிட மலிவு. பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்க முடியாது. கியர் கம்பியைச் சுற்றியுள்ள கிழிந்த ரப்பர் உறையை மாற்ற ஆகும் செலவோ மிகச் சிறிது.

பந்தயக் கார்களுக்கு இந்தக் கவலை இல்லை. கோயம்புத்தூரின் கரிவரதன் 1988இல் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் சிறு பந்தயக் காரை உருவாக்கினார். சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையிலும், 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைப் பாதையிலும் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. பந்தயத்தில் வேகமே கணக்கு. ஓட்டுநரின் காதைத் தலைக்கவசம் மூடியிருக்கும். பல பந்தய கியர் பாக்ஸ்களில் நேர்ப்பல் சக்கரங்களையே வேண்டுமென்று வைக்கிறார்கள். சாய்ந்த பல் மெல்ல மெல்லக் கூடுவதால் அமைதியாக ஓடும். ஆனால் ஷாஃப்டைப் பக்கவாட்டில் தள்ளும். நேர்ப்பல் தள்ளாது; அலறும். பல பழைய வண்டிகள் ரிவர்ஸில் போகும்போது மட்டும் 'ஙீ' என்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். ரிவர்ஸ் சக்கரம் நேர்ப்பல் என்பதே காரணம்.

புரொப்பல்லர் ஷாஃப்டின் கதை தனி. அதன் இரு முனைகளிலும் 'கிராஸ்' என்று வழங்கும் மூட்டுகள் உண்டு. மூட்டு 10 பாகை வளைந்திருந்தால், ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கத்தின் வேகம் ஒரு சுற்றுக்கு இருமுறை ஒன்றரை சதவீதம் கூடிக் குறையும். மறுமுனை மூட்டு அதே கோணத்தில், அதே நிலையில் இருந்தால்தான் இந்தத் தள்ளாட்டம் ஈடாகும். ஷாஃப்டைப் பிரித்துச் சேர்க்கும்போது நடுவிலுள்ள வரிப்பல் இணைப்பு ஒரு பல் தள்ளி மாட்டிக்கொண்டால் ஈடு கெட்டுவிடும்.

மாமாவின் ஜீப்பில் இது நடந்தது. தேய்ந்த சக்கரங்களை மாற்றியபின் பழைய கத்தல் போய்விட்டது. ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஒரு முரசு ஒலி புதிதாக வந்தது. காதைவிடக் காலுக்குத்தான் அது நன்றாகத் தெரிந்தது. கைப்பேசியைத் தளத்தில் வைத்து, அதிலுள்ள முடுக்கமானியால் அளந்தேன்; நொடிக்கு 40க்கு அருகில் காட்டியது. பினியனில் 8 பல், கிரவுனில் 43. டயர் நொடிக்கு 3.7 சுற்று சுற்றினால் ஷாஃப்ட் 20 சுற்று; அதன் இருமடங்கு 40. பல்லின் ஓசையென்றால் 160 வரவேண்டும். ஆக, பெட்டியை மீண்டும் திறக்கத் தேவையில்லை, ஷாஃப்டைப் பார்த்தால் போதும் என்று முடிவாயிற்று. அரூரில் ஷாஃப்டைக் கழற்றி, முனைகளை ஒரே நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினார்கள். அரைமணி வேலை. மறுபடி கழற்றினால் குழம்பாமல் இருக்க இரு பாதிகளிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம்.

தளத்தில் ஒட்டச் சொல்லி நான் எழுதிக்கொடுத்த தார்ப்பலகையை மாமா இன்னும் வாங்கவில்லை. ஆள் ஏறும் இடத்தில் போடலாம், ஓட்டுகிறவன் காலடியில் வேண்டாம் என்கிறார். இறக்கத்தில் இரண்டாம் கியர் பிடித்திருப்பது அவருக்குக் காதில் கேட்கவேண்டுமாம்.